மரத்தூளும் நம் கடமையும்

கைத்தொழில் கற்றறிந்தோர்க்கு இழுக்கு என்று எண்ணியிருந்த காலம் மெல்ல மறைந்து வருகின்றது. பகலெல்லாம் அலுவலகத்தில் எழுத்துவேலை பார்ப்போரும், கலாசாலையில் பாடஞ் சொல்லும் ஆசிரியரும், மாலை வேளையில் தம் இல்லத்தின் ஓர் அறையையோ கார் நிறுத்தும் கொட்டகையையோ சிறு பட்டறையாக்கிக் கொண்டு, மேஜையும் அலமாரியும் புத்தகத் தட்டும் தம் கையாலேயே செய்து மகிழ்வதை இன்று பல ஊர்களிலும் காண்கின்றோம். நாசரேத்தூர்த் தச்சர் இல்லத்தில் வளர்ந்தவரைத் தலைவராகப் போற்றும் நம் கலாசாலையில் இதனைக் குறைவாக மதிப்பார் ஒருவரும் இரார்.

ஆயினும் இச்சிறு பட்டறைகளில் பெருங்குறை ஒன்று உண்டு. ரம்பம் வாங்குவதில் காட்டும் ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கையேனும், அந்த ரம்பம் கக்கும் தூளை அகற்றுவதில் ஒருவரும் காட்டுவதில்லை. காட்டுவோரும், விலை உயர்ந்த உறிஞ்சு யந்திரம் ஒன்றை வாங்கி மூலையில் நிறுத்திவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடுகின்றனர். தூளைப் பிடிப்பது யந்திரத்தின் பலமன்று. ரம்பத்தின் வாயிலே பொருந்தி நிற்கும் இணைப்பின் அமைப்பே ஆகும். அவ்விணைப்பை அவரவர் தத்தம் ரம்பத்துக்கு ஏற்பத் தாமே செய்துகொள்ளுதல் வேண்டும். இதுவே நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்பும் கருத்து.

முதலாவது, இத்தூளின் இயல்பை ஆராய்வோம். மேஜையின் நடுவே பல்வரிசை மேலே தோன்றச் சுழலும் வட்ட ரம்பத்தை எடுத்துக்கொள்ளுவோம். அதன் குறுக்களவு 10 அங்குலமென்றும், அது நிமிஷத்துக்கு 4000 சுற்றுச் சுற்றுகின்றதென்றும் கொண்டால், பல்லின் நுனி மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றது. இத்தகைய மிக்க வேகத்துடன் ஒவ்வொரு பல்லும் மரத்தைச் சுரண்டித் தூளை வீசியெறிகின்றது. அவற்றுட் பருத்தவை உடனே தரையில் வீழ்கின்றன. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை; துடைப்பத்தால் கூட்டி அடுப்புக்கோ உரக்குழிக்கோ அனுப்பிவிடலாம். அஞ்சத்தக்கது கண்ணுக்குப் புலனாகாத நுண்டூளே. மனிதருடைய தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் மூக்கும் தொண்டையும் கடந்து உள்ளே செல்ல வல்லவை. அவற்றினும் நுண்ணியவை நுரையீரலின் ஆழ்ந்த அறைகளிற் சென்று தங்கும். ரம்பம் நின்று, வேலை செய்தவர் குளித்து உணவருந்தி உறங்கச் சென்ற பின்னரும், இவை அறையின் காற்றிலே மணிக்கணக்காக மிதந்துகொண்டிருக்கின்றன.

தொழிலாளரின் பிணிக்கும் அவர் சுவாசிக்கும் தூசிக்கும் உள்ள தொடர்பு நேற்று இன்று கண்டதன்று. இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்பார், 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூலொன்று இயற்றினார். நோயாளியிடம் அவர் என்ன தொழில் செய்கின்றார் என்பதையும் வைத்தியர் கேட்டறிதல் வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவரே. பின்னர், இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் என்னும் ஊரில், மரவேலை செய்வோரிடையே மூக்கினுள் உண்டாகும் அரிதான புற்றுநோய் வகை ஒன்று அளவுக்கு மிஞ்சிக் காணப்படுவதை எஸ்மி ஹாட்ஃபீல்டு என்னும் பெண் வைத்தியர் உணர்ந்தார். அவரும் அவருடன் ஆராய்ந்தோரும் 1968-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியென்று துணியப்பட்ட பொருள்களின் வரிசையில் மரத்தூளை 1995-ஆம் ஆண்டில் சேர்த்தது. புகையிலைப் புகையும் அவ்வரிசையிலேதான் உள்ளது. இவையன்றி, தேக்குத் தூளும் ஈட்டித் தூளும் சிலருடைய தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குவதைத் தச்சர் பலர் அனுபவத்தால் அறிவர்.

ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டம், தொழிற்கூடங்களின் காற்றில் கடின மரத்தூள் எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று 2023 முதல் விதித்துள்ளது. அவ்வளவின் சிறுமையை ஒரு கணக்கால் உணரலாம். பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 34 கன மீட்டர். அவ்வறைக் காற்றில் அச்சட்டம் பொறுக்கும் தூள் முழுவதும் 68 மில்லிகிராம். அஃதாவது ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்கு. இரு விரலால் ஒரு சிட்டிகை எடுத்தாலும் அதனினும் மிகும். வாரத்தில் ஒரு மணி நேரம் ரம்பம் பிடிப்பவருக்கும் ஆண்டு முழுவதும் அதுவே தொழிலாக உடையவருக்கும் வேறுபாடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எவரையும் அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. எனினும் கதவடைத்த சிற்றறையில் அறுப்பவர், தம் பொழுதுபோக்குக்காகத் தம்மையும், அடுத்த அறையில் உறங்கும் குழந்தையையும் இவ்வளவு எளிதில் அபாயத்துக்கு உட்படுத்துதல் முறையன்று என்று மட்டும் கூறுவோம்.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் பரிகாரங்கள் மூன்று. துடைப்பம் ஒன்று, முகமூடி ஒன்று, உறிஞ்சு யந்திரம் ஒன்று. துடைப்பம் பருந்தூளைச் சேர்க்கும். அதே வேளையில் படிந்திருந்த நுண்டூளை மீட்டும் காற்றிலே எழுப்பிவிடும். முகமூடி நன்றே, அதனை நாம் விலக்கச் சொல்லவில்லை. ஆயினும் அஃது அணிந்தவரை மட்டுமே காக்கும். அவரும் அதனைக் கழற்றிய பின்னர் அதே காற்றைத்தான் சுவாசிப்பார். மூன்றாவதாகிய யந்திரமே தூசியை அகற்ற வல்லது. ஆனால் அதன் ஆற்றல் எங்கே செல்லுகின்றது, எங்கே வீணாகின்றது என்பதை அறியாதவருக்கு அது வெறும் இரைச்சலையே பயனாகத் தரும்.

இதனை விளக்க ஒரு சிறு பரீட்சை போதும். கைந்நீட்டத்தில் ஒரு விளக்கை ஏற்றி வைத்து வாயால் ஊதுங்கள், அது அணைந்துவிடும். அதே விளக்கை அதே தூரத்தில் வைத்து, காற்றை உள்ளிழுத்து அணைக்க முயலுங்கள். சுடர் அசையவும் மாட்டாது. ஊதும் காற்று ஒரே திசையில் அம்புபோற் செல்லும். உறிஞ்சும் காற்றோ குழாயின் வாயை நோக்கி எல்லாப் புறத்தினின்றும் வந்து கூடும். ஆதலால் சற்று விலகினும் அதன் வேகம் குன்றிவிடும். காற்றோட்டக் கலையில் வல்லார் இதற்கு ஓர் அளவும் கூறுவர். ஊதும் குழாயின் வாயிலிருந்து அதன் குறுக்களவைப்போல் முப்பது மடங்கு தூரம் சென்ற பின்னரே காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். உறிஞ்சும் குழாயிலோ ஒரே மடங்கு தூரத்தில் அவ்வாறு குறைந்துவிடும். எனவே நான்கங்குலக் குழாயை ரம்பத்துக்கு நான்கங்குலம் விலக்கி வைத்தவர், தம் யந்திரத்தின் பத்தில் ஒரு பங்கு வேகத்தையே தூள்மேற் செலுத்துகின்றார். ஓரடி விலக்கி வைத்தவர் ஏறத்தாழ ஒன்றும் செலுத்தவில்லை.

ஹ்யூபர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலப் பொறிவல்லாருடைய சரித்திரம் இங்கே நினைக்கத்தக்கது. தூசியைக் காற்றால் ஊதி அகற்றும் யந்திரம் ஒன்றை லண்டனிற் கண்ட அவர், ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று கேட்டார். உணவு விடுதி ஒன்றின் மெத்தை நாற்காலிமீது தம் கைக்குட்டையை வைத்து, வாயை அதன்மேற் பொருத்தி உறிஞ்சினார். கைக்குட்டையில் அழுக்கு வட்டமாகப் படிந்தது. 1901-ஆம் ஆண்டில் அவர் இயற்றிய தூசி உறிஞ்சும் யந்திரத்துக்கு அதுவே அடிப்படை. வாய் மெத்தையைத் தொட்டிருந்தமையால் அன்றோ அந்தப் பரீட்சை பலித்தது? ஓரடி விலகி நின்று உறிஞ்சியிருந்தால் கைக்குட்டை வெண்மையாகவே இருந்திருக்கும். நம் தேசத்தில் 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டமும் தன் 14-ஆம் பிரிவில் இக்கருத்தையே விதித்தது: தூசியை வெளியேற்றும் சாதனம், தூசி பிறக்குமிடத்துக்குக் கூடியவரை அண்மையில் அமைதல் வேண்டும், அவ்விடத்தைக் கூடியவரை மூடியும் வைத்தல் வேண்டும். அச்சட்டம் வீட்டுப் பட்டறையைக் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் அதன் அறிவு எல்லார்க்கும் பொது.

அண்மையும் அடைப்புமே வேண்டுவன என்றால், அவற்றைக் கடையில் வாங்கலாகாதோ என்று கேட்கலாம். எல்லா ரம்பங்களுக்கும் பொருந்தும் இணைப்பைக் கடையிற் பெறுதல் அரிது. ஒரு ரம்பம் அடியில் திறந்த கால்களின்மேல் நிற்கின்றது. மற்றொன்று பெட்டிக்குள் அமைந்தது. வேறொன்றின் பின்புறம் மோட்டார் நீண்டு நிற்கின்றது. தூள் வெளியேறும் வாயின் அளவும் ஒன்றற்கொன்று ஒவ்வாது. நான்கங்குல ஹோஸ் என்பது 101.6 மில்லிமீட்டர், நம் கடைகளிற் கிடைக்கும் பி.வி.சி. குழாயோ வெளி அளவில் 110 மில்லிமீட்டர். வீட்டு வாக்குவம் கிளீனரின் குழாய் இரண்டினோடும் சேராது. ஆதலால் பலர் பழந்துணியைச் சுற்றி, அதன்மேல் டேப்பை ஒட்டி, பொருந்தாதவற்றைப் பொருந்தச் செய்கின்றனர். அவ்விடுக்குகளில் எல்லாம் காற்று நுழைந்து, ரம்பத்தினிடம் இழுக்க வேண்டிய வேகம் வழியிலேயே செலவாகின்றது. உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையும் கடையில் தொங்கும் சட்டையும் ஒன்றாகுமா?

செய்யும் முறை கடினமானதன்று. முதலில் வெர்னியர் காலிப்பரால் இரு குழாய்களின் உள்ளளவையும் வெளியளவையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் வேண்டிய அளவுக்கு ஒரு மரக்கட்டையைக் கடைசல் பிடித்து, நுனி சற்றே ஒடுங்க அமைத்தல் வேண்டும். பி.வி.சி. குழாயின் முனையைக் கொதிநீரில் சில நிமிஷம் அமிழ்த்தினால் அது இளகும். ஏறக்குறைய 80 டிகிரி சென்டிகிரேடில் இளகுவது அதன் இயல்பு. இளகிய முனையைக் கட்டையின்மேல் அழுத்தி, ஈரத்துணியாற் குளிர்வித்தால், வாய் விரிந்து நாம் விரும்பிய அளவில் நின்றுவிடும். தீச்சுடரிலே வாட்டுதல் கூடாது; கருகினால் அக்குழாய் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் கொடிய வாயுவை வெளியிடும். முப்பரிமாண அச்சு யந்திரம் கிடைக்கப்பெற்றவர், இதே இணைப்பைக் கணிப்பொறியில் வரைந்து அச்சிட்டுக்கொள்ளலாம்; ஆயின் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் 60 டிகிரியளவில் இளகுமாதலால், அதனை மோட்டாரின் சூடு தாக்கும் இடத்தில் வைத்தலாகாது.

அடுத்தது ரம்பத்தின் அடிப்புறம். திறந்த கால்களுக்கிடையே பிளைவுட் பலகைகளால் ஒரு பெட்டி அமைத்து, அதன் தளத்தைச் சரிவாக்கி, சரிவின் தாழ்ந்த இடத்தில் குழாயின் வாயைப் பொருத்துக. மூலைகளில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினால் இடுக்குகள் அடையும். ரம்பத்தைச் சாய்க்கும் கைப்பிடி அசைவதற்கான பிளவை ரப்பர்த் திரையால் மறைக்கலாம். ஆயினும் காற்று உட்புக ஒரு வழியும் இன்றி முழுவதும் மூடிவிடலாகாது. காற்று நுழைந்தாலன்றித் தூளைச் சுமந்து வெளியேற இயலாது. மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றையும் தடுத்தல் கூடாது. ரம்பத்தின் மேற்புறத்திலும் தூள் வீசப்படுவதால், பாதுகாப்புக் கவசத்தின்மேல் ஒரு சிறு குழலைப் பொருத்தி, அதனைப் பெருங்குழாயோடு கிளையாகச் சேர்த்தல் நலம். இணைப்பு எதுவாயினும், உள்ளிருக்கும் முனை காற்றுச் செல்லும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். மாறி நின்றால் அவ்விளிம்பில் மரச்சீவல் சிக்கி அடைத்துக்கொள்ளும். திடீரென்று மடங்கும் எல்போ ஒன்றுக்குப் பதிலாக, பாதிக் கோணம் மடங்கும் இரண்டை இடைவெளியிட்டு வைத்தால் காற்று இலகுவாகச் செல்லும்.

குழாயின் அளவைப் பற்றியும் ஒரு சொல். நான்கங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக ஒடுக்கினால் காற்றுச் செல்லும் வழியின் பரப்பு ஐந்தில் இரண்டு பங்காகக் குறுகிவிடும். குறுக்களவின் வர்க்கத்தை ஒட்டியே பரப்பு அமையும் என்பதை எல்லா மாணவரும் அறிவர். வீட்டு வாக்குவம் கிளீனர் இழுப்பில் வலியது, காற்றின் அளவில் சிறியது; மரத்தூளுக்கென்று அமைந்த யந்திரம் காற்றின் அளவில் பெரியது, இழுப்பில் மெலியது. முன்னதற்குச் சிறு குழலும் சிறு கருவியும் தகும். பின்னதற்கு அகன்ற குழாயே தகும். இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் இரண்டும் பழிபெறும்.

இவ்வாறு அமைத்தது பயன் தருகின்றதா என்பதை அறிய நுண்ணிய கருவிகள் தேவையில்லை. ஜான் டிண்டால் என்னும் விஞ்ஞானி, 1870-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தூசியையும் நோயையும் பற்றிப் பேசுகையில், இருண்ட அறையில் ஒளிக்கற்றை ஒன்றைப் பாய்ச்சி, தெளிந்ததாகத் தோன்றிய காற்றிலே தூசி நிறைந்திருப்பதைக் காட்டினார். நாமும் இரவில் ஒரு பலகையை அறுத்து, ரம்பத்தை நிறுத்திய பின் விளக்கணைத்து, கைவிளக்கின் ஒளியைக் குறுக்கே செலுத்திப் பார்க்கலாம். இணைப்பைப் பொருத்துமுன் ஒரு முறையும், பொருத்திய பின் ஒரு முறையும் பார்த்தால், அவ்வொளிக்கற்றையே மெய் கூறும் சாட்சி.

இதற்கு எழும் தடைகள் சிலவற்றுக்கும் விடையிறுத்தல் வேண்டும். நம் பாட்டனார் காலத்துத் தச்சர் இவை ஒன்றுமின்றி வாழவில்லையா என்பர் சிலர். அவர்கள் கைரம்பத்தால், மரநிழலிலோ திண்ணையிலோ, காற்று வீசும் இடத்தில் அறுத்தனர். நாமோ யந்திர ரம்பத்தால், மூடிய அறையில், பிசின் கலந்த பிளைவுட்டையும் எம்.டி.எப். பலகையையும் அறுக்கின்றோம். தொழில் மாறியபின் காப்பு மாறாதிருத்தல் எங்ஙனம்? செலவு மிகுமே என்பர் வேறு சிலர். துண்டுக் குழாய், மிஞ்சிய பிளைவுட், பழைய ட்யூப் ஆகியவற்றின் விலை, ஒரு நல்ல ரம்ப பிளேடின் விலைக்கு எட்டாது. இணைப்பு கைக்குக் குறுக்கே நின்று ஆபத்து விளைவிக்குமே என்பர் மற்றுஞ் சிலர். இத்தடை கருதத்தக்கது. பாதுகாப்புக் கவசத்தையோ, ரம்பத்தின் பின்னே மரம் நெருக்காமல் நிற்கும் தகட்டையோ அகற்றிவிட்டு எவ்விணைப்பையும் பொருத்தலாகாது. அளவெடுக்குமுன் மின்சாரச் செருகியைப் பிடுங்கிவிடுதல் வேண்டும். ஆணி பதிந்த பழமரத்தை அறுத்தால் எழும் பொறி, சேர்ந்திருக்கும் தூளிலே கனலாகக் கூடும். ஆதலால் தூட்பையை அன்றன்றே வெறுமையாக்குதல் வேண்டும்.

இதுவரை கூறியது நம் இல்லத்துப் பட்டறையைப் பற்றியது. ஆயினும் நம் கடமை அவ்வளவில் முடிவதன்று. புதிய வீடு கட்டுவோர் அலமாரிகள் செய்யத் தச்சரை அழைக்கின்றனர். அவர் பல நாட்கள் அந்த அறையிலேயே பிளைவுட்டையும் பலகைகளையும் கைரம்ப யந்திரத்தால் அறுக்கின்றார். வீட்டுக்காரர் தூளுக்கு அஞ்சி மாலையில் வந்து பார்த்துவிட்டுத் திரும்புகின்றார். தச்சரோ காலைமுதல் அத்தூளின் நடுவே நிற்கின்றார். இந்த வீடு முடிந்தால் அடுத்த வீடு, அதன்பின் மற்றொரு வீடு என்று முப்பது நாற்பது ஆண்டுகள் அவ்வாறே கழிகின்றன. நாம் அழகிய அலமாரியைக் கண்டு மகிழ்கின்றோம். அதன் விலையில் ஒரு பகுதியை அவருடைய மூச்சு செலுத்திவிட்டது என்பதை எண்ணுவதில்லை. பொழுதுபோக்குக்காக அறுப்பவருக்கு வேண்டிய காப்பு, பிழைப்புக்காக அறுப்பவருக்கு வேண்டாமா?

இவ்விடத்திலேதான் கலாசாலைக்கு ஒரு வேலை உண்டு. தச்சரிடம் ரம்பமும் அனுபவமும் உள்ளன. அளவுக்கேற்ற இணைப்பை வரைந்து தருவார் அவருக்கு இல்லை. கலாசாலையிலோ காலிப்பரும், கணிப்பொறியும், பல இடங்களில் அச்சு யந்திரமும் இருக்கின்றன. காற்றின் ஓட்டத்தைப் பற்றிய சமன்பாடுகளை மாணவர் பரீட்சைக்காக மனப்பாடமும் செய்கின்றனர். அச்சமன்பாடு உயிர் பெறும் இடம் ஒன்று தெருக்கோடியில் உள்ள தச்சுப் பட்டறையில் காத்திருக்கின்றது. பௌதிகம் பயிலும் மாணவர் நால்வர் சேர்ந்து, விடுமுறைக்கு ஒன்றாக, ஒரு பட்டறையின் ரம்பத்துக்கு அளவெடுத்து, இணைப்புச் செய்து, இரவில் ஒளிக்கற்றையால் சோதித்துக் கொடுப்பாராயின், அது பாடமுமாகும், ஊழியமுமாகும். தச்சரிடம் தாழ்மையோடு கேட்டறிந்து செய்தல் வேண்டும். எந்த இடத்தில் குழாய் நின்றால் கைக்கு இடையூறு என்பதை அவரே அறிவார். அவர் விரும்பாத இணைப்பு மறுநாளே கழற்றப்பட்டு மூலையிற் கிடக்கும்.

மாணவ நண்பர்காள்! பெரிய யந்திரங்களைக் கண்டுபிடிப்போர் சிலரே. இருக்கும் யந்திரத்தை மனிதருக்குத் தீங்கிழையாதபடி பொருத்தும் வேலை நம்மில் எவருக்கும் இயலும். ஒரு சாண் குழாயும், கடைசல் பிடித்த ஒரு கட்டையும், கொதிநீரும் அதற்குப் போதும். பழைய மாணவருட் பட்டறை உடையோர் தம் ரம்பத்தின் அடியில் இன்றே குனிந்து நோக்குவாராக. கலாசாலையில் பயில்வோர் தம் தெருவிலுள்ள தச்சரை ஒரு முறை சென்று காண்பாராக. மற்றவை தாமே தொடரும்.